மாடிவீட்டு வாயில்லாப் பூச்சி

காவல் நிலையத்தில் அவருக்குக் கடுகு என்று பெயர். ஆள் என்னவோ கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம். யார் எதைக் கேட்டாலும் சூடான எண்ணெயில் விழுந்த மாதிரி படபடவென்று வெடிப்பார், அதனால் வந்த பெயர். முகத்துக்கு நேரே எல்லோருக்கும் அவர் ஐயாதான். துப்பறியும் வேலையிலேயே தலை நரைத்தவர், தன் பெயரைத் துப்பறியாமலா இருந்திருப்பார்? தெரியும். தெரியாத மாதிரி இருந்துவிடுவார்.

அன்று காலை ஒரு பழைய குடியிருப்பின் மூன்றாவது மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தார். பின்னால் ஜீப் டிரைவர்.

"லிஃப்ட் இல்லாத இடமா பார்த்துச் சாகணும்னு யாரு சொன்னாங்க?"

"நம்மைக் கேட்டுட்டா சாகறாங்க, ஐயா."

"உன்னைக் கேட்டேனா?"

"யாருன்னு சொல்லாம கேட்டீங்க. இங்க நான் ஒருத்தன்தானே இருக்கேன்."

மேலே கதவு திறந்திருந்தது. வாசலில் ஒரு ஜோடி ஆண்கள் செருப்பு. சின்ன வீடு, பெட்டிக்குள் வைத்த பெட்டி மாதிரி. சமையலறைத் தரையில் ஒரு வயதான அம்மா ஒருக்களித்துக் கிடந்தாள். நெற்றியில் ஒரு காயம், ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. பிளாஸ்டிக் வாளி ஒன்று கவிழ்ந்து உருண்டு மூலையில் கிடந்தது. கை எட்டும் தூரத்தில் நீளப் பிடி வைத்த கரண்டி, அதன் வாய் நசுங்கிப் போயிருந்தது.

உள்ளறையில் விரிப்பு கலையாத கட்டில். அதன்மேல் ஆண்கள் மூக்குக்கண்ணாடி. பின்பக்கக் கொடியில் வரிசையாகச் சட்டைகள். அந்தச் சட்டைக்கும் செருப்புக்கும் சொந்தக்காரரை மட்டும் காணவில்லை.

"புருஷன் எங்கே?" என்றார் கடுகு.

அதைத்தான் குடியிருப்பே கேட்டுக்கொண்டிருந்தது. செத்துக்கிடந்த அந்த மாடியம்மாவின் புருஷன் நோயாளி, வெளியே வரவே மாட்டார். அங்கே எல்லோரும் அவரை வாயில்லாப் பூச்சி என்றுதான் சொல்வார்கள். பரிதாபப்பட்டு வைத்த பெயர்.

"ரொம்ப நல்ல மனுஷன், ஐயா," என்றார் வீட்டுக்காரர். குடியிருப்பு முழுக்க அவருக்குச் சொந்தம். கீழ்த்தளத்தில் குடியிருந்துகொண்டு, போகிற வருகிற காலடியையெல்லாம் காதால் எண்ணுகிறவர்.

"பார்த்திருக்கீங்களா?"

"பார்த்ததில்லை."

"பார்க்காமலே நல்லவரா?"

"அந்தம்மா விடிஞ்சா திட்டு, பொழுது சாஞ்சா திட்டு. ஃபேனை ஏன் அணைக்கலை, துண்டை ஏன் ஈரமா போட்டீங்க... இத்தனை வருஷத்துல அவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லிக் கேட்டதில்லையே. என் வீட்டுக்காரி என்னை அப்படித் திட்டினா நான் சும்மா இருப்பேனா?"

"இருக்கமாட்டேளாக்கும்," என்று உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. வீட்டுக்காரர் சும்மா இருந்தார்.

பக்கத்து வீட்டில் ஒரு டீச்சர். கணவருக்கு வெளியூரில் வேலை. அவளும் அதையே சொன்னாள், திட்டுச் சத்தம் தினமும் கேட்கும் என்று. "ஆனா நேத்து எனக்குத் தலைவலி, சார். ஸ்கூல்ல இருந்து வந்ததும் மாத்திரை போட்டுத் தூங்கிட்டேன். எதுவும் கேக்கலை." சொல்லும்போது கதவைப் பிடித்துக்கொண்டே சொன்னாள்.

பிணத்தை முதலில் பார்த்தது தையற்காரர். மாடிப்படிக்கு அடியில் ஒரு மெஷின் போடுகிற இடம்தான் அவருடைய கடை. ஐம்பது தாண்டியவர், ஒரு கால் லேசாக இழுக்கும். மாடியம்மாவின் வீட்டுச் சாவி ஒன்று அவரிடம் இருந்தது. காலையில் சத்தத்தையே காணோமே என்று போய்த் திறந்திருக்கிறார். முதல் நாள் மத்தியானம் அவர் துணிமூட்டையோடு மேலே போனதை வீட்டுக்காரர் பார்த்திருந்தார்.

"புருஷன் எப்படி இருப்பார்?"

"உயரமா, ஒல்லியா," என்றார் தையற்காரர்.

நிலையத்துக்குக் கூட்டிப்போய்க் கேட்டபோது, நடுத்தர உயரம், கொஞ்சம் பூசினாப்போல என்றார். எங்கே போயிருக்கிறார் என்றால் ஊருக்கு என்றார். எந்த ஊர் என்றால் தரையைப் பார்த்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர் பொய் சொன்னால் இப்படித்தான், இடுப்பில் நிற்காத வேட்டி மாதிரி, இழுத்துப் பிடிக்கப் பிடிக்க அவிழும்.

பெரிய அதிகாரிக்கு அது போதும். "பொறுத்துப் பார்த்துப் புருஷன் கரண்டியால போட்டிருக்கான். தையற்காரன் அவனைத் தப்ப விட்டிருக்கான். இல்லைன்னா ரெண்டு பேரையும் இவனே முடிச்சிருக்கான். நாளைக்குக் காலையில கோர்ட்டுல நிறுத்துங்க. கொலைக் கேஸ்."

கொலைக் கேஸ் என்று ஒருமுறை உள்ளே போனால், குற்றமில்லை என்று வெளியே வருவதற்கே வருஷக்கணக்காகும். அதற்குள் மெஷின் துருப்பிடிக்கும், கண் மங்கும், வாடிக்கைக்காரர்கள் வேறு கடையைத் தேடிக்கொள்வார்கள். கடுகு இதையெல்லாம் நிறையப் பார்த்தவர்.

"ஒரு நாள் கொடுங்க," என்றார்.

"கோர்ட் திறக்கிற வரைக்கும் உங்க நாள்தான்," என்றார் பெரிய அதிகாரி.

சாயங்காலம் வெயில் இறங்குமுன் கடுகு மறுபடியும் மாடி ஏறினார். அவரை உறுத்திக்கொண்டிருந்தது அந்தச் சட்டைகள்.

அவர் மனைவி காலமாகிச் சில வருஷமாகிறது. அதிலிருந்து தன் சட்டையைத் தானே துவைத்துக்கொள்கிறார். துவைக்கிறவனுக்குத்தான் சட்டையின் கஷ்டம் தெரியும். கழுத்துப்பட்டையின் உள்மடிப்பில் உட்காருகிற அழுக்கு எத்தனை தேய்த்தாலும் முழுசாகப் போகாது. தேய்க்கத் தேய்க்க அந்த மடிப்புதான் முதலில் நைந்து பஞ்சு தெரியும். அப்புறம் முழங்கை, அப்புறம் பையின் ஓரம். கொடியில் கிடந்த சட்டைகள் வெயிலில் வெளுத்திருந்தன, தண்ணீரில் ஊறி ஊறிச் சாயம் போயிருந்தன. ஆனால் கழுத்துப்பட்டை அட்டை மாதிரி நின்றது. முழங்கையில் ஒரு சுருக்கம் இல்லை. நூறு தடவை துவைத்த சட்டை, ஒரு தடவைகூடப் போடாதது.

"இதைப் போட்டுப் பாரு," என்று ஒன்றை டிரைவரிடம் எறிந்தார்.

"செத்த வீட்டுச் சட்டையா, ஐயா?"

"போடுய்யா."

முதல் சட்டையில் டிரைவரின் வயிற்றுக்கு மேல் பொத்தான் மாட்டவில்லை. இரண்டாவது முழங்கால் வரை தொங்கியது. மூன்றாவதில் கை நுழையவே இல்லை.

"இதுல எதுய்யா அந்த ஆளோட உடம்பு?"

டிரைவர் பாதி மாட்டிய கையோடு யோசித்தார். "காலையில ஒரு உடம்பு, சாயங்காலம் ஒரு உடம்பு இருந்தாத்தான் உண்டு."

கடுகு நேரே நிலையத்துக்குப் போனார். கம்பிக் கதவுக்கு உள்ளே தையற்காரர் பெஞ்சில் உட்கார்ந்து, தன் சட்டையில் பிரிந்திருந்த ஒரு நூலைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தார்.

"மாடிவீட்டு ஐயாவுக்கு மார்பளவு என்ன?"

"நாற்பது, ஐயா."

"கொடியில மூணு மார்பு தொங்குது. ஒரு மனுஷனுக்கு மூணு மார்பு இருந்து பார்த்திருக்கியா?"

தையற்காரர் நூலை விட்டுவிட்டார்.

"அப்படி ஒரு ஆளே கிடையாது, ஐயா."

பிறகு மெதுவாகச் சொன்னார். அந்த அம்மா முதல் முதலில் வீடு கேட்டு வந்தபோது கையில் ஒரு பை மட்டும் இருந்தது. அதற்கு முன் எத்தனையோ இடத்தில் ஏறி இறங்கியிருக்கிறாள். யார் யார் இருக்கீங்க என்று கேட்பார்கள். நான் மட்டும்தான் என்றதும் முகம் மாறிவிடும். வயதானவர், தனியாள், உள்ளே ஒன்று ஆகிவிட்டால் யார் பார்ப்பது? வீடு இல்லை என்றுவிடுவார்கள். இங்கே வீட்டுக்காரர் கேட்டபோது அவள் வாயில் தானாக வந்துவிட்டது, 'நானும் அவரும்' என்று. அவரைக் கூட்டிட்டு வாங்க, பார்க்கணும் என்றார் வீட்டுக்காரர். அவள் இறங்கி வந்து தையல்கடை பெஞ்சில் உட்கார்ந்து குடிக்கத் தண்ணீர் கேட்டாள்.

"குடிச்சுட்டு எழுந்திருக்கலை, ஐயா. போறதுக்கு இடம் இருந்தாத்தானே எழுந்திருப்பாங்க. அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் வந்தார். 'இவங்க புருஷனை எனக்குத் தெரியும், நானே அளவெடுத்திருக்கேன், பாவம் நடமாட்டம் இல்லாத உடம்பு'ன்னு சொல்லிட்டேன். எதுக்குச் சொன்னேன்னு இன்னிக்கும் தெரியலை."

"சட்டை?"

"தைக்கக் கொடுத்துட்டு வாங்க வராதவங்க எப்பவும் இருப்பாங்க. அந்தச் சட்டையெல்லாம் அவங்களுக்குக் கொடுத்தேன். கொடியில போட்டா ஆம்பளை இருக்கிற வீடுன்னு தெரியுமில்ல. மாத்தி மாத்திக் கொண்டுபோய்க் கொடுப்பேன். நேத்தும் அதுக்குத்தான் போனேன்."

"திட்டினது?"

"முதல்ல ஊர் காதுல விழட்டும்னுதான் திட்டினாங்க." தையற்காரர் மறுபடி அந்த நூலைப் பிடித்துக்கொண்டார். "ஒருநாள் நான் மேல போனப்போ கதவு திறந்திருந்துச்சு. என்னைப் பார்க்கலை. கட்டிலைப் பார்த்து மெல்லிசாத் திட்டிக்கிட்டு இருந்தாங்க, ஐயா. வெளிய கேக்காது, அவ்வளவு மெதுவா. திட்டி முடிச்சு, போனாப் போகுதுன்னு சிரிச்சாங்க. நான் சத்தம் போடாம இறங்கி வந்துட்டேன்."

"இதைக் காலையிலேயே சொல்றதுக்கென்ன?"

"வெளிய சொல்லமாட்டேன்னு வாக்கு கொடுத்திருந்தேன். பொய்னு தெரிஞ்சா வீட்டுக்காரர் கடையைக் காலி பண்ணுன்னுவார்."

"கழுத்துக்குக் கயிறு வருது, இவருக்குக் கடையாம்," என்று சீறிவிட்டுக் கடுகு எழுந்தார். போகிற வழியில் தையற்காரருக்குச் சாப்பாடு கொடுத்தாச்சா என்று காவலரிடம் வெடித்துவிட்டுத்தான் போனார்.

பெரிய அதிகாரி போனில் எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு, "ரொம்ப நல்லதாப் போச்சு," என்றார். "புருஷனே இல்லைன்னா தேட வேண்டிய வேலை மிச்சம். சாவி வெச்சிருந்தது அவன். கடைசியா உள்ள போனது அவன். வேற யாரு மிச்சம் இருக்கா?"

காப்பாற்றப் போய்க் குழியை இன்னும் ஆழமாக வெட்டிவிட்ட மாதிரி ஆயிற்று.

கடுகு வீட்டுக்குப் போனார். அரசாங்கம் கொடுத்த வீடு, ஒரு ஆளுக்குப் பெரியது. மகள் தூர தேசத்திலிருந்து கூப்பிட்டாள்.

"சாப்பிட்டீங்களாப்பா?"

"சாப்பிட்டேன்."

அடுப்பை இன்னும் பற்றவைக்கவில்லை. மகளும் வேறென்ன கேட்பது என்று தெரியாமல் அங்கே மழையா என்றாள். இல்லை என்றார். வைத்துவிட்டார்கள்.

சோறு வேகும்போது, பிணத்தைப் பரிசோதித்த டாக்டர் சொன்னதை நினைத்துக்கொண்டிருந்தார். நெற்றிக் காயம் சின்னது. இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. விழுந்தவுடனே சாகவில்லை, வெகுநேரம் உயிரோடு கிடந்திருக்கிறாள். அவ்வளவு நேரமும் என்ன செய்தாள்? இடுப்பு ஒடிந்தவள் எழுந்திருக்க முடியாது. கை இருந்தது. கையில் கரண்டி இருந்தது.

காலையில் கோர்ட் திறப்பதற்கு முன்னால் மறுபடியும் மாடி ஏறினார். சமையலறைக்குள் போய்த் தொப்பியைக் கழற்றி டிரைவரிடம் கொடுத்தார். முட்டி நறநறவென்க, அந்த அம்மா கிடந்த இடத்தில் கிடந்த மாதிரியே படுத்தார்.

"ஐயா, நெஞ்சு வலியா?"

"வாயை மூடுய்யா."

நின்றுகொண்டு பார்த்தபோது சுவர் வெறும் சுவர். படுத்துப் பார்த்தால் கண்ணுக்கு நேராக, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், சுண்ணாம்பு பெயர்ந்து பெயர்ந்து குழி விழுந்திருந்தது. ஒரே இடத்தில், திரும்பத் திரும்ப. கரண்டி நசுங்கியது எதனால் என்று யாரும் இனிமேல் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் டீச்சர் வீடு.

அவர் கையை மடக்கி, அந்தக் குழிமேலேயே ஓங்கித் தட்டினார். தட்டினார், நிறுத்தினார், மறுபடி தட்டினார்.

அந்தப் பக்கம் ஏதோ ஒரு பாத்திரம் தரையில் விழுந்து உருண்டது.

டிரைவர் கை கொடுத்துத் தூக்க, எழுந்து வெளியே வந்தார். டீச்சர் பள்ளிக்குக் கிளம்பிய சேலையோடு வாசலில் நின்றிருந்தாள்.

கடுகு வெடிக்கப்போகிறார் என்று டிரைவர் ஒரு படி பின்னால் தள்ளி நின்றுகொண்டார். கடுகு வெடிக்கவில்லை.

"உள்ள வரலாமாம்மா?" என்றார்.

டீச்சர் நாற்காலியைக்கூடக் காட்டாமல் நின்றாள். அவர் தானே உட்கார்ந்தார்.

"கீழே தைக்கிறவர் பொய் சொல்லித்தான் மாட்டிக்கிட்டார். இன்னும் கொஞ்ச நேரத்துல அவரைக் கொலைகாரர்னு சொல்லி நிறுத்தப்போறாங்க. அந்தம்மா விழுந்தப்போ அவர் எங்க இருந்தார்னு தெரிஞ்சா விட்டுடுவாங்க. அவ்வளவுதான் எனக்கு வேணும்."

"கீழதான் இருந்தார்," என்றாள் டீச்சர். சொன்னதும் எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "நான் ஸ்கூல் விட்டு வரும்போது மெஷின்ல இருந்தார். அவரைச் சுத்தி ஆளுங்க. படியேறி வந்து கதவைத் திறக்கும்போது அந்தம்மா திட்டிக்கிட்டுத்தான் இருந்தாங்க, எப்பவும் போல. அப்புறம்தான் ஏதோ விழுந்த மாதிரி ஒரு சத்தம்."

"அப்புறம்?"

"தட்டினாங்க, சார். சுவர்ல."

அவர் காத்திருந்தார்.

"புருஷன் பொண்டாட்டி சண்டை, சாமானை எடுத்து எறியறாங்கன்னு நினைச்சேன். பெரியவங்க சண்டையில நாம எங்க போறது? அவர்தான் உள்ள இருக்காரே, பார்த்துக்குவார்னு..." அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "டி.வி. சத்தத்தைக் கூட்டி வெச்சேன், சார்."

பாவம், யாரையும் கொல்லவேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. இல்லாதவர் இருக்கிறார் என்று நம்பினாள், அவ்வளவுதான். அந்த நம்பிக்கையை ஊட்ட மாடியம்மா என்ன பாடுபட்டிருக்கிறாள். சட்டை சட்டையாய்த் துவைத்து, தொண்டை வற்றக் கத்தி. கடைசியில் அந்தப் பாடெல்லாம் பலித்தது.

"இதை நீங்க வந்து சொல்லணும்," என்றார் கடுகு. "பள்ளிக்கூடத்துல, தெருவுல, எல்லாருக்கும் தெரிஞ்சுபோகும். தெரியாம பண்ண எனக்கு வழியில்லை."

டீச்சர் நிறைய நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வீட்டைப் பூட்டினாள்.

நிலையத்துக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னாள். மெஷினைச் சுற்றி நின்றிருந்த வாடிக்கைக்காரர்களைத் தேடிப் பிடித்துக் கேட்டார்கள், அவர்களும் ஆமாம் என்றார்கள். பெரிய அதிகாரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, சரி, விடுங்க என்றார்.

வீட்டுக்காரர் மட்டும், கடுகோடு திரும்பி வந்த தையற்காரரைக் குடியிருப்பு வாசலில் மறித்துக்கொண்டார். "என்னை ஏமாத்தின ஆளுக்கு இனி கடை கிடையாது. இதுக்குத்தான் தனியாளுக்கு வீடு கொடுக்கறதில்லை. பாருங்க, என்ன ஆச்சுன்னு."

"தனியாத்தான் இருக்கேன்னு அந்தம்மா சொல்லியிருந்தா, தட்டின சத்தத்துக்கு இந்தக் குடியிருப்பே ஓடி வந்திருக்கும்யா," என்றார் கடுகு. இந்த முறை எண்ணெய் நன்றாகவே காய்ந்திருந்தது. "சொல்லவிட்டீங்களா? அவரைக் காலி பண்ணச் சொன்னா, காலையில ஒரு தடவை சாயங்காலம் ஒரு தடவை விசாரணைக்குன்னு நான் வந்து உங்க வாசல்ல உட்காருவேன். எனக்கும் போக வேற இடமில்லை."

"உட்காரட்டுமே, ஒரு மனுஷராவது வந்து பேசுவார்," என்று உள்ளேயிருந்து அந்தப் பெண்குரல் சொன்னது. வீட்டுக்காரர் வழிவிட்டார்.

மத்தியானம் ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் அவர்கள் மூன்று பேரும் நின்றார்கள். தையற்காரர், டீச்சர், கடுகு. ஜீப் பக்கத்தில் டிரைவர். டீச்சர் தையற்காரரைப் பார்த்து, "அண்ணா, எனக்குக் கேட்டுச்சு. கேட்டும் வரலை," என்றாள்.

"நீங்க எப்படி வருவீங்க, தங்கச்சி? வராம இருக்கத்தானே அவங்களும் நானும் சேர்ந்து ஒரு ஆளை அங்க உட்கார வெச்சோம்."

பிணவறை ஊழியர் தலையை நீட்டினார். "யாரு வாங்கிக்கிறது? என்ன உறவு?"

டீச்சர் முன்னால் போனாள். "பக்கத்து வீடு."

"உறவைக் கேட்டேன்மா."

"அதான் உறவு. எழுதுய்யா," என்றார் கடுகு.

தூக்கும்போது நான்காவது ஆள் தேவைப்பட்டது. அது கடுகின் வேலையே இல்லை. ஆனாலும் தோள் கொடுத்தார். எல்லாம் முடிந்து திரும்பும்போது தையற்காரர் முன்னால் டிரைவர் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பின்னால் கடுகும் டீச்சரும்.

"சார்," என்றாள் டீச்சர். "நான் அப்பவே எழுந்து போயிருந்தா... பிழைச்சிருப்பாங்களா?"

கடுகு தன் வேலையில் யாருக்கும் எதையும் மழுப்பிச் சொன்னவர் இல்லை. செத்துப்போன பிள்ளைகளைப் பற்றித் தாய்மாரிடமே நேராகச் சொன்னவர். அவருடைய சிடுசிடுப்பில் பாதி அதனால் வந்தது.

"டாக்டர்கிட்ட அதைக் கேக்கலைம்மா," என்றார்.

கேட்டிருந்தார். முதல் நாளே கேட்டுவிட்டார், டாக்டரும் யோசிக்காமல் பதில் சொல்லியிருந்தார். அந்தப் பதில் இனி யாருக்கும் வேண்டாம். டீச்சர் தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் இந்தப் பக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். தெருவில் விளக்குகள் ஒவ்வொரு வீடாக எரியத் தொடங்கியிருந்தன. எது எது ஒற்றை ஆள் வீடு என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியவில்லை.